நிறை மாறுமா? தலைமன்னாரில் ஒரு விஞ்ஞானக் கொப்பியும் இரு கரைகளின் கலைச்சொல் வழக்கும்

விஞ்ஞானத் தமிழ் பற்றி நம்மிடையே நிகழ்ந்துள்ள விவாதங்கள் பெரும்பாலும் அகராதிகளையும் கலைச்சொற் பட்டியல்களையும் மையமாகக் கொண்டவை. ஒரு சொல் தூய தமிழா, வடமொழிக் கலப்புடையதா, ஒலிபெயர்ப்பு ஏற்புடையதா என்பனவே அவற்றிலே மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்ட வினாக்களாகும். அச்சொற்களை உண்மையில் எழுதிப் பயன்படுத்துவோர் யாவர், எந்தச் சூழலில் எழுதுகின்றனர் என்ற வினா அதிகம் எழுப்பப்பட்டதில்லை. இவ்வினாவுக்கு விடைகாண முற்படுவோர் நூலகத்துக்குப் போகுமுன் பாடசாலை மாணவரொருவரின் பயிற்சிக் கொப்பியைத் திறந்து பார்த்தல் வேண்டும் என்பது நமது கருத்து. அத்தகைய ஒரு கொப்பியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

தலைமன்னாரில் நமக்கு அறிமுகமான மீனவக் குடும்பமொன்றில் தரம் 10 இல் பயிலும் மகன் ஒருவர் உளர். அவருடைய தாயார் 1990 இல் சிறுமியாகப் படகேறி இராமேசுவரம் சென்று, மண்டபம் முகாமில் வளர்ந்து, தமிழ்நாட்டுப் பள்ளியிற் பத்தாம் வகுப்புவரை படித்து, 2009 இல் போர் முடிந்தபின் திரும்பி வந்தவர். அவ்வூரின் மீனவத் தாய்மார் பலரைப் போலன்றி மகனின் விஞ்ஞானப் பாடத்தில் உதவும் தகுதி அவருக்கு உண்டு. கொப்பியில் இருந்த வினா இது: பூமியிலிருந்து சந்திரனுக்குக் கொண்டுசெல்லப்படும் பொருளொன்றின் நிறை மாறுமா? காரணம் தருக. தாயார் சொல்லிக் கொடுத்தபடி மகன் எழுதியிருந்த விடை: மாறாது, பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு எங்கே போனாலும் ஒன்றே. ஆசிரியர் சிவப்பு மையினால் அதை வெட்டியிருந்தார். “எனக்குத் தெரிஞ்சது அங்கத்தப் படிப்பு. இங்க அது பிழையாம். இனி நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கிறேல்ல” என்றார் தாயார்.

தாயார் கற்றதும் சரி. ஆசிரியர் வெட்டியதும் சரி. இஃது எவ்வாறு இயலும் என்பதை விளக்க வேண்டுமாயின் வினாவை இரு முறை செய்து பார்த்தல் வேண்டும்.

இலங்கைப் பாடநூல்களிலே ஒரு பொருளில் உள்ள சடத்தின் அளவு ‘திணிவு’ எனப்படும். அப்பொருளைப் புவி தன்பால் ஈர்க்கும் விசை ‘நிறை’ எனப்படும். திணிவு கிலோகிராமிலும் நிறை நியூற்றனிலும் அளக்கப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ சடத்தின் அளவுக்கே ‘நிறை’ என்று பெயர். ஈர்ப்பு விசைக்கு ‘எடை’ என்று பெயர். தலைமன்னார்க் கரையில் இறங்கும் 12 கிலோகிராம் சூரை மீன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் அம்மீனைப் புவி ஈர்க்கும் விசை 12 × 10 = 120 நியூற்றன். சந்திரனில் ஈர்ப்பு ஏறத்தாழ ஆறிலொரு பங்கு. ஆகவே அங்கே 20 நியூற்றன். சடத்தின் அளவோ இரண்டிடத்தும் 12 கிலோகிராமே. இக்கணக்கில் இரு கரையினருக்கும் கருத்து வேறுபாடு ஏதுமில்லை. 12 மாறாது, 120 மாறும் என்பதை இருவரும் ஒப்புக்கொள்வர். மாறாத 12 க்கு ‘நிறை’ என்று பெயரிடுவதா, மாறுகின்ற 120 க்கு ‘நிறை’ என்று பெயரிடுவதா என்பதிலேதான் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல் குறுக்கே கிடக்கின்றது.

சொல்வரலாற்றை நோக்கின் இரு தரப்பும் ஒரே ஊற்றிலிருந்து நீர் மொண்டவை என்பது புலப்படும். நிறை என்பது ‘நிறு’ என்ற வினையடியாகப் பிறந்தது; எடை என்பது ‘எடு’ என்பதிலிருந்து வந்தது. இரண்டுமே தராசோடு தொடர்புடையவை. தொல்காப்பிய எழுத்ததிகாரம் அளவுப் பெயரையும் நிறைப் பெயரையும் வெவ்வேறாக வைத்துப் பேசுகின்றது. முகந்து அளப்பது வேறு, நிறுத்து அளப்பது வேறு என்ற உணர்வு அத்துணைப் பழமையானது. ஆனால் சடத்தின் அளவும் ஈர்ப்பு விசையும் வேறு வேறானவை என்ற தெளிவு நியூற்றனுக்குப் பின்னரே உலகுக்குக் கிடைத்தது. பழந்தமிழ் வணிகனுக்கு அவ்வேறுபாடு தேவைப்பட்டதில்லை. எனவே பழைய ஒரு சொல்லை இரு புதிய கருத்துகளுள் ஒன்றுக்கு ஒதுக்க வேண்டிய நிலை வந்தபோது, ஒரு கரை ஒன்றுக்கும் மறு கரை மற்றொன்றுக்கும் ஒதுக்கிக்கொண்டது.

எது பொருத்தமான ஒதுக்கீடு என்று கேட்போருக்கு ஒரு வேடிக்கையான விடை உண்டு. இருதட்டுத் தராசில் மீனை ஒரு தட்டிலும் படிக்கல்லை மறு தட்டிலும் வைத்தால், ஈர்ப்பு இரண்டையும் சமமாகவே பாதிக்கும். சந்திரனிலும் அத்தராசு 12 கிலோகிராம் என்றே காட்டும். ஆக, இருதட்டுத் தராசில் நிறுக்கப்படுவது திணிவே. தமிழ்நாட்டு வழக்கு இத்தராசை நினைவூட்டுகின்றது. கொக்கியில் தொங்கவிடும் விற்றராசிலோ வில் எவ்வளவு இழுபடுகின்றது என்பதே பார்க்கப்படுவதால், அளக்கப்படுவது விசை. சந்திரனில் அது ஆறிலொரு பங்கையே காட்டும். இலங்கை வழக்குக்கு இது துணைநிற்கும். கரையில் மீன் வாங்க வரும் முதலாளி எந்தத் தராசைக் கொண்டுவருகிறார் என்பதில் மீனவருக்குள்ள அக்கறை வேறு வகையானது. அது பௌதிகவியலுக்கு அப்பாற்பட்டதெனினும் மாணவர் அறியாததன்று.

எண்ணும் அலகும் தரப்பட்ட கணக்குகளில் இச்சிக்கல் பெரும்பாலும் தானே தீர்ந்துவிடுகின்றது என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ளல் வேண்டும். நிறை 12 கிலோகிராம் என்று எழுதியிருந்தால் அது சடத்தின் அளவு. 120 நியூற்றன் என்றிருந்தால் அது விசை. அலகு காட்டிக்கொடுத்துவிடும். எண் இல்லாத வினாவே ஆபத்தானது. மாறுமா, மாறாதா, ஏன் என்று கேட்கும் வினாக்களிலே சொல்லைத் தவிர மாணவனுக்கு வேறு பிடி இல்லை. விளங்கியதா என்று சோதிப்பதற்காக அமைக்கப்பட்ட, கல்வியியலாளர் உயர்வாகக் கருதும், அத்தகைய வினாக்களே கடல் கடந்த பிள்ளையை வீழ்த்துகின்றன.

நிறை பற்றி நாம் இவ்வாறு விளக்கியபோது தாயார் கேட்டார்: “அப்ப வேகத்துக்கும் ரெண்டு கருத்து இருக்குமோ?” உண்டு. கொப்பியின் பின்தாளில் நாம் ஒரு கணக்கை எழுதினோம். தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட வள்ளமொன்று நேர் வடக்கே 6 கிலோமீற்றர் சென்று, அதே வழியாகத் திரும்பி, 2 மணித்தியாலத்தில் புறப்பட்ட இடத்தை அடைந்தது. அதன் சராசரி வேகம் யாது?

தாயாரின் விடை: சென்ற தூரம் 6 + 6 = 12 கிலோமீற்றர்; நேரம் 2 மணி; ஆகவே மணிக்கு 6 கிலோமீற்றர். மகனின் விடை: பூச்சியம். தமிழ்நாட்டில் வேகம் என்பது திசையைக் கருதாத அளவு; திசையோடு கூடியது ‘திசைவேகம்’. இலங்கையில் திசையைக் கருதாதது ‘கதி’. திசையோடு கூடியதே வேகம். வள்ளம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டமையால் இடப்பெயர்ச்சி பூச்சியம். அதை 2 ஆற் பிரித்தாலும் பூச்சியமே. ஒரே வாக்கியம், பிழையற்ற தமிழ், இரண்டு விடைகள், இரண்டுக்கும் அவ்வவ் கரையில் முழுப் புள்ளி. ‘ஆர்முடுகல்’ என்ற இலங்கைச் சொல்லுக்கும் ‘முடுக்கம்’ என்ற தமிழ்நாட்டுச் சொல்லுக்கும் இடையே இத்தகைய மயக்கம் எழுவதில்லை. கேட்பவர் இது நமக்குத் தெரியாத சொல் என்று உடனே உணர்ந்து பொருள் கேட்பார். ஒட்சிசனும் ஆக்சிஜனும், மூலும் மோலும், யூலும் ஜூலும் அவ்வாறானவையே. அவை காதுக்கு அந்நியமாக ஒலிப்பதனாலேயே தீங்கற்றவை. தெரிந்த முகத்தோடு வேறு பொருளைச் சுமந்துவரும் சொல்லே தீங்கானது. நமது கலைச்சொல் விவாதங்கள் ஒலிபெயர்ப்பின் அழகு அவலட்சணம் பற்றி இத்தனை பக்கம் எழுதியிருக்க, இரண்டாவது வகையை ஏறக்குறைய கவனியாது விட்டமை வியப்புக்குரியது.

‘அழுத்தம்’ என்ற சொல்லும் இவ்வகையினதே. தமிழ்நாட்டு மாணவனுக்கு அது ஓரலகுப் பரப்பின் மீது செயற்படும் விசை. இலங்கை மாணவன் அதனை ‘அமுக்கம்’ என்பான். இலங்கை மாணவனுக்கு அழுத்தம் என்றால் மின்சுற்றில் வருவது; அழுத்த வேறுபாடு என்று அவன் வோல்ற்றளவைக் குறிப்பான். உயரத்தில் உள்ள பொருளுக்கு இருக்கும் சக்தியை அவன் அழுத்தசக்தி என்பான். மறுகரையில் அது நிலையாற்றல்.

இரசாயனத்துக்கு வருவோம். சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு செய்தல் நமது கரையோரங்களின் பழந்தொழில்களுள் ஒன்று. வெற்றிலைக்கும் சுவருக்கும் அது வேண்டியிருந்தது. சிப்பி ஓட்டின் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. கணக்கின் வசதிக்காக முழுவதும் அதுவே எனக் கொள்வோம். 50 கிலோகிராம் சிப்பியைச் சுட்டால் எவ்வளவு சுண்ணாம்பு கிடைக்கும்?

கல்சியத்தின் சார் அணுத்திணிவு 40, காபனுடையது 12, ஒட்சிசனுடையது 16. கல்சியம் காபனேற்றில் கல்சியம் ஒன்று, காபன் ஒன்று, ஒட்சிசன் மூன்று: 40 + 12 + 48 = 100. சூட்டினால் அது கல்சியம் ஒட்சைட்டாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரியும். முன்னையது 40 + 16 = 56; பின்னையது 12 + 32 = 44. ஆகவே 100 கிலோகிராம் சிப்பியிலிருந்து 56 கிலோகிராம் நீறாத சுண்ணாம்பு கிடைக்கும். 50 கிலோகிராமிலிருந்து 28. எஞ்சிய 22 கிலோகிராம் வாயுவாகி வெளியேறிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது சிப்பி பாதியாக இலேசாகிவிடுகின்றது என்பதைச் சூளைத் தொழிலாளி கைப்பட அறிந்தவன். அவனுடைய கையறிவு இங்கே கணக்காகின்றது. சுண்ணாம்பு நீறும்போது கூடிக்கொள்ளும் நீரையும் இவ்வாறே காணலாம்: 56 பங்குக்கு 18 பங்கு நீர். 28 கிலோகிராமுக்கு 9 கிலோகிராம் நீர் சேர்ந்து 37 கிலோகிராம் நீற்றிய சுண்ணாம்பாகும். நடைமுறையில் இதனிலும் கூடுதலான நீர் ஊற்ற வேண்டியிருக்கும். தாக்கத்திற் பிறக்கும் வெப்பம் நீரின் ஒரு பகுதியை ஆவியாக்கிவிடுவதே காரணம். பாடநூற் கணக்கு இந்த இறுதி வாக்கியத்தை வழக்கமாக விட்டுவிடுகின்றது. விடாதிருந்தால் கணக்குக்கும் சூளைக்கும் உள்ள உறவு மாணவனுக்குத் தெளிவாகியிருக்கும்.

இதுவரை சொன்னவற்றைத் தாயாரும் மகனும் ஒரே மாதிரியாகச் செய்தனர். பெயர்கள் மட்டும் வேறு. அடுத்த வினாவில் மீண்டும் பிரிந்தனர். காரங்கள் யாவும் நீரிற் கரையுமா? இலங்கையில் அமிலத்தை நடுநிலையாக்கும் பதார்த்தம் ‘மூலம்’. மூலங்களுள் நீரிற் கரைவன மட்டுமே ‘காரம்’. ஆகவே விடை: ஆம், கரையும், கரைவதனாலேயே அது காரம். தமிழ்நாட்டில் காரம் என்பது பொதுப்பெயர், கரைவன ‘எரிகாரம்’. செப்பு ஒட்சைட்டு அமிலத்தை நடுநிலையாக்கும், ஆனால் நீரிற் கரையாது. ஆகவே அங்கே விடை: இல்லை. சந்திரனில் நிறை மாறுமா என்ற வினாவின் மறுபதிப்பே இது.

இந்நிலை எவ்வாறு தோன்றியது? ஒரு காலத்தில் கலைச்சொல் முயற்சி கடலாற் பிரிக்கப்பட்டதாக இருக்கவில்லை. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மேலைமருத்துவம் கற்பித்ததும், 1875 இல் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் வெளிவந்ததும் நாமறிந்தவை. 1916 இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். 1936 இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டில் தலைமைப் பங்கு கொண்டவர் மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த விபுலாநந்த அடிகள். அவர் விஞ்ஞானப் பட்டதாரி, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். அம்முயற்சியின் விளைவாகச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் ‘கலைச்சொற்கள்’ 1938 இல் வெளியாயிற்று. அன்று ஒரு கரையின் அறிஞர் மறுகரையிற் சொல்லாக்குவது இயல்பாயிருந்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது; இரு பக்கமும் புகையிரதம் காத்துநின்றது. சொற்களும் அவ்வழியே போய்வந்தன எனலாம்.

சுதந்திரத்தின் பின் நிலைமை மாறியது. 1956 ஆம் ஆண்டு இரு கரையிலும் ஆட்சிமொழிச் சட்டத்தின் ஆண்டாக அமைந்தமை வரலாற்றின் முரண்நகை. சென்னை மாநிலத்தில் தமிழ் ஆட்சிமொழியாயிற்று. இலங்கையிற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. எனினும் இலங்கைப் பாடசாலைகளில் தமிழ் போதனாமொழியாக நிலைத்தது. விஞ்ஞான வகுப்புகளும் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறின. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அக்கரையில் அதே பணியை அம்மாநிலத்தின் நிறுவனங்கள் செய்தன. இரண்டும் அரச நிறுவனங்கள்; இரண்டுக்கும் தத்தம் பரீட்சைகள், தத்தம் பாடநூல்கள். ஒன்றின் சொல்லை மற்றது ஏற்க வேண்டிய தேவை எதுவும் அவற்றுக்கு இருக்கவில்லை. மொழி மேற்கட்டுமானத்தைச் சார்ந்ததன்று என 1950 இல் ஸ்டாலின் வாதிட்டார். இலக்கணத்துக்கு அது பொருந்தலாம். கலைச்சொல்லைப் பொறுத்தவரை பரீட்சைத் திணைக்களத்தை ஒதுக்கிவிட்டு ஒரு சொல்லின் வாழ்வை விளக்குவது கடினம் என்பதே நமது அனுபவம்.

நிறுவனங்கள் பிரிந்த அதே காலத்தில் மக்கள் கடப்பது நின்றுவிடவில்லை. 1964 ஒப்பந்தத்தின் கீழ் ‘தாயகம் திரும்புவோர்’ எனப் பெயரிடப்பட்டு மலையகத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமன்னார் இறங்குதுறையிற் கப்பலேறின. அவ்வாண்டு டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்துக்குப் போயிற்று. 1980 களிற் போர்ச் சூழலில் அச்சேவையும் நின்றது. 1990 இல் தலைமன்னாருக்கான புகையிரதமும் நின்றது. அது மீண்டும் வந்தது 2015 இலேதான். கப்பல் நின்றபின் மக்கள் மீன்பிடிப் படகுகளிற் கடந்தனர். பிள்ளைகளின் பைகளில் ஏதேனும் இருந்திருக்குமாயின் இந்தப் பாடநூற் சொற்களும் இருந்திருக்கும். அகதி முகாம்களில் வழங்கப்பட்ட அரிசி பற்றியும் கொட்டகை பற்றியும் பதிவுகள் உள்ளன. வேகம் என்றால் எது என்று தெரியாமல் வகுப்பறையில் விழித்த பிள்ளைகளைப் பற்றிய பதிவை நாம் கண்டதில்லை. இந்நாட்டில் விஞ்ஞானப் புள்ளி வெறும் புள்ளியாக இருந்ததில்லை என்பதை 1970 களின் தரப்படுத்தலை அறிந்த எவரும் மறுக்கார். ஒரு சொல்லுக்காக வெட்டப்படும் இரண்டு புள்ளியை அற்பமெனத் தள்ளுவதற்கு நாம் ஆயத்தமாக இல்லை.

இங்கு இன்னொரு விடயமும் உண்டு. உயர்தர வகுப்புவரை தமிழில் பௌதிகவியலும் இரசாயனவியலும் பயிலும் மாணவர், பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலும் மருத்துவ, பொறியியற் பீடங்களிலும் நுழைந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். தமிழ்நாட்டிலும் பெரும்பாலும் இதுவே நிலை. திணிவு என்ற சொல்லை அதன்பின் அவர்கள் எழுதப்போவதில்லை. ஆய்வேடுகளில் அது இல்லை; தொழிற்சாலையில் இல்லை; வைத்தியசாலையில் இல்லை. அவ்வாறாயின் விஞ்ஞானத் தமிழின் மிகப் பெரிய எழுத்துத் தொகுதி எங்கே உள்ளது? ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பக்கங்களாக எழுதப்பட்டு, பரீட்சை முடிந்ததும் பழைய கடதாசிக் கடைக்குப் போகும் பயிற்சிக் கொப்பிகளிலேயே அது உள்ளது. அதனை ஓர் உரைநடை வகையாக இலக்கிய மாணவர் எவரும் ஆராய்ந்ததை நாம் அறியோம். தமிழ் உரைநடை வரலாறு எழுதிய நாம் நாவலையும் பத்திரிகையையும் சமயக் கண்டனத்தையும் நோக்கினோம். பதினைந்து வயதுப் பிள்ளை ‘ஆகவே’ என்று தொடங்கி எழுதும் வாக்கியத்தை நோக்கினோமல்லோம்.

நோக்கினால் தெரிவது என்ன? மேற்படி மகனின் கொப்பியில் பெரும்பாலான கணக்குகளில் வாக்கியமே இல்லை. எண், சமக்குறி, எண், அடிக்கோடு. கடந்தகால வினாத்தாள்களைச் செய்து காட்டும் தனியார் வகுப்புகளிலிருந்து பரவிய முறை இது. அவ்வகுப்புக்குக் காசு கட்டி மன்னார் நகருக்குப் போய்வரக்கூடிய பிள்ளைக்கு நடுவே விடுபட்ட வாக்கியத்தை ஆசிரியர் வாயாற் சொல்லிவிடுவார். போகமுடியாத பிள்ளையின் கொப்பியில் அது விடுபட்டதாகவே இருக்கும். இலங்கையில் இப்பயிற்சியை ‘வீட்டுவேலை’ என்கிறோம். தாயாரின் அன்றாட வேலைக்கும் அதுவே பெயர். கருவாடு காயவைத்து, தண்ணீர் அள்ளி, சமைத்து முடித்த பின்னரே அவர் இரண்டாவது வீட்டுவேலைக்கு வருகிறார். வீட்டில் மேசையும் வெளிச்சமும் படித்த ஒருவரும் ஓய்வாக இருப்பர் என்ற அனுமானம் அப்பெயரில் மறைந்துள்ளது.

வேலை என்ற சொல் வந்தமையால் ஒன்றைச் சொல்லி அப்பால் செல்லலாம். பௌதிகவியலில் வேலை என்பது விசையையும் அவ்விசையின் திசையில் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவது. இதில் இரு கரைக்கும் கருத்து ஒற்றுமை உண்டு. கரைவலையின் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி, வலை அசையாதிருக்க, கால்மணிநேரம் நிற்கும் தொழிலாளி செய்த வேலை பூச்சியம். இதைக் கேட்ட மகன் சிரித்தார். சம்மாட்டிக்கு இது தெரிந்தால் கூலி தரமாட்டார் என்றார். கயிற்றின் மீது வேலை செய்யப்படவில்லை என்பதே கணக்கின் பொருள். தொழிலாளியின் தசைநார்கள் கணந்தோறும் சுருங்கி விரிந்து, உண்ட உணவின் இரசாயனச் சக்தியை வெப்பமாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. வியர்வை அதற்குச் சான்று. எதன் மீது செய்யப்பட்ட வேலை என்று கேளாமல் விடை சொல்லக்கூடாது என்பதை இக்கணக்குக் காட்டியதுபோல் வேறெதுவும் காட்டாது.

ஆகவே இரு கரைக்கும் ஒரே கலைச்சொல் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுவதா? அத்தகைய தீர்மானங்கள் மாநாடுகளிற் பல நிறைவேறின. பாடநூல்கள் அச்சிடப்பட்டு, ஆசிரியர் பயிற்றப்பட்டு, மூன்று தலைமுறை படித்துவிட்ட பின் நிறையை ஒரு கரை கைவிடுமென நாம் எதிர்பார்க்கவில்லை. இலங்கை மாணவனின் ‘திணிவு’ மிகத் தெளிவான சொல் என்பதும், அதைக் கைவிடுவது நட்டம் என்பதும் நமது துணிபு. பழைய கணக்கதிகாரம் காட்டும் வழி ஒன்றுண்டு. காரி நாயனார் பெயரால் வழங்கும் அந்நூல் அளவைகளை முதலில் வகுத்துக் கூறிய பின்பே கணக்குக்குள் புகும். ஊருக்கு ஊர் மரக்காலும் நாழியும் வேறுபட்ட காலத்தில், இன்ன அளவையில் இக்கணக்கு என்று சொல்லாமல் விடை சொல்ல முடியாது என்பதை அக்காலக் கணக்கர் அறிந்திருந்தனர். இதையே இன்றைய கொப்பியில் ஒரு வரியாக எழுதலாம்: இங்கு நிறை எனப்படுவது பொருளின் மீதான ஈர்ப்பு விசை, அலகு நியூற்றன். அந்த வரி இருந்திருந்தால் தாயாரின் விடை வெட்டப்படுமுன்பே அவருக்குத் தம் சொல் வேறு என்பது தெரிந்திருக்கும். வெட்டும் ஆசிரியருக்கும் எதை வெட்டுகிறோம் என்பது தெரிந்திருக்கும்.

நாம் இறுதியாகச் செய்த கணக்கு வீட்டு வாசலிலிருந்து தெரிவது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இல் இயங்கத் தொடங்கிய தம்பபவனி காற்றாலைத் தொகுதியில் 30 காற்றாலைகள் உள்ளன, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று. மொத்தம் 30 × 3.45 = 103.5 மெகாவாற்று. யாவும் முழு அளவில் ஒரு மணித்தியாலம் சுழன்றால் கிடைக்கும் சக்தி எவ்வளவு? ஒரு மெகாவாற்று என்பது செக்கனுக்குப் பத்து இலட்சம் யூல். மணித்தியாலத்தில் 3,600 செக்கன். ஆகவே 37,260 கோடி யூல். தாயார் இதை ‘திறன்’ என்றும் ‘ஆற்றல்’ என்றும் எழுதினார். மகன் ‘வலு’ என்றும் ‘சக்தி’ என்றும் எழுதினார். திறன் என்றதும் மகன் வினைத்திறனை நினைத்து, அது நூற்றுவீதமல்லவா என்று கேட்டார். முதல் வரியில் எழுதியிருந்தபடியால் குழப்பம் நீடிக்கவில்லை.

பின்னர் மகன் ஒரு வினாவைத் தாமே எழுப்பினார்: காற்றின் கதி பாதியானால் வலுவும் பாதியாகுமா? ஆகாது, எட்டிலொன்றாகும். ஒரு கிலோகிராம் காற்றின் இயக்கசக்தி கதியின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கதி பாதியானால் அது காற்பங்கு. அதனோடு, மெதுவாக வீசும் காற்றில் ஒரு செக்கனில் சுழலியை வந்தடையும் காற்றின் திணிவும் பாதியாகும். காலில் பாதி எட்டிலொன்று. சோளகக் காலத்தில் விடாது சுழன்றவை காற்று ஓய்ந்த நாட்களில் ஏன் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன என்பதற்கு இதுவே காரணம். இதனை எண்களாக மட்டும் எழுதாமல் மூன்று வாக்கியங்களாக எழுதும்படி கேட்டோம். மகன் எழுதினார், இரண்டாவது வாக்கியத்திற் காற்றின் திணிவு என்றிருந்த இடத்தில் தாயார் பென்சிலால் மேலே ‘நிறை’ என்று சிறிதாக எழுதி, பக்கத்தில் ‘அங்க’ என்று குறித்தார்.